கயிறு நழுவிய பக்கம்

போன செவ்வாய்க்கிழமை காலையில் சவேரியம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு சுளகு. சுளகின் நடுவில் நான் எழுதிய புத்தகம்.

புத்தகத்தை அவள் கையால் தொடவில்லை. சுளகைச் சாய்த்தாள். புத்தகம் சரிந்து என் வாசற்படியில் விழுந்தது. வீட்டுக்குள் வந்த தேளை அள்ளி வெளியே போடுவார்களே... அந்த மாதிரி.

"இந்தாங்க டீச்சரம்மா, உங்க பொஸ்தவம். இனி இது எங்க வீட்டு நடை ஏறக்கூடாது."

"ஏன்? என்ன செய்தது அது?"

"என்ன செய்ததா? எங்க வீட்டு வள்ளம் மூணு நாளா கரையில கிடக்கு. போய்ப் பாருங்க."

அவ்வளவுதான். சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். என் வாய் பேச்சில்லாமல் திறந்து நிற்பது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

எந்தப் புத்தகம் என்று கேட்பீர்கள். பாஸ்குவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்திய தபசு காலத்துக்காகக் குழந்தைகளுக்கு நான் எழுதிய சிறு புத்தகம்தான். வாரத்துக்கு ஒரு கதை. கதை முடிந்ததும் குடும்பமாகச் செய்ய ஒரு காரியம். ஒரு வாரம் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துப் பசித்தவருக்கு வைப்பது. இன்னொரு வாரம் கிழிந்த துணியைத் தைத்து, அது இல்லாதவருக்குக் கொடுப்பது. பெரிய வியாழன் வரைக்கும் இப்படியே போகும். எல்லாக் கதைக்கும் மேலே ஒரே ஒரு வரி போட்டிருந்தேன் — 'வீட்டுக் கடைக்குட்டி இதைச் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும்.'

அந்த வரியில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நம் வீடுகளில் கடைக்குட்டி எப்போதும் கேட்கிற பிள்ளைதான். ஒரு மாதமாவது அது சொல்லட்டும், பெரியவர்கள் வாயை மூடட்டும் என்று நினைத்தேன்.

இந்தப் புத்தகத்தை அச்சுக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யுத்தம் வந்த பிறகு பேப்பர் கிடைக்கவில்லை. கிடைத்த பேப்பரும் சாணித்தாள் நிறம். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது கடைக்கார அண்ணாச்சி எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "ஏன் டீச்சரம்மா, அரிசிக்கே ஆலாப் பறக்குதோம். இந்த நேரத்துல பிள்ளையளுக்குப் பொஸ்தவம் ஒரு கேடா?"

"அரிசி இல்லாத வயிறு அழும் அண்ணாச்சி. கதை இல்லாத பிள்ளை அழாது. அதனால உங்களுக்கு அது தெரியாது" என்றேன். அவர் அன்றைக்கு எனக்கு அளந்த அரிசியில் கல் அதிகமாக இருந்தது. அது வேறு விஷயம்.

சரி, சவேரியம்மாளுக்கு வருகிறேன்.

அவள் புருஷன் மிக்கேல் சங்கு குளிக்கிறவர். நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்து நாளாயிற்று. சங்குக் குளிதான் இப்போது அந்தத் தெருவுக்குச் சோறு. விடியும் முன்னே வள்ளம் போகும். ஆள் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு அடியில் இறங்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடியிலிருந்து கயிறு அசைந்தால் உடனே தூக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் முடிந்தது.

அந்தக் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுப்பதில்லை. மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பான். ஏன் தெரியுமா? தன் அக்காள் தாலி அறுவதை எவனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்ற நம்பிக்கை. அண்ணன் தம்பியைக்கூட நம்பாதவர்கள் மச்சானை நம்புவார்கள். மிக்கேலுக்குக் கயிறு பிடிக்கிறவன் சவேரியம்மாளின் தம்பி கபிரியேல்.

இந்த வழக்கத்தை வைத்துத்தான் மூன்றாம் வாரக் கதையை எழுதினேன். ஒரு குளிகாரரும் அவருடைய மச்சானும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பேச்சு இல்லை. ஆனாலும் ஒரே வள்ளத்தில் போகவேண்டியிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒருவர் இறங்குகிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொருவர் கயிறு பிடிக்கிறார். தபசு காலத்தில் பகையை விடவேண்டும் என்று கோயிலில் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்? நான் ஒரு வள்ளத்தை வைத்துச் சொன்னேன். கதைக்குக் கீழே 'வீட்டில் செய்ய' என்ற இடத்தில் 'நீங்கள் பேசாமல் இருக்கும் ஒருவரிடம் இந்த வாரம் போய்ப் பேசுங்கள்' என்று போட்டேன்.

இதில் வள்ளம் கரையில் கிடக்க என்ன இருக்கிறது?

மத்தியானத்துக்குள் இன்னும் சில புத்தகங்கள் திரும்பி வந்தன. எல்லாம் குளிகாரர் வீட்டுப் புத்தகங்கள். ஒருத்தி ஜன்னல் வழியாகப் போட்டாள். ஒருத்தி துணியில் சுற்றிக் கொடுத்தாள். யாரும் காரணம் சொல்லவில்லை.

காரணத்தைச் சாயங்காலம், கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் என் புத்தகத்தை விற்றுக் கொடுத்தவர் அவர்தான். நல்ல மனுஷர். ஊரில் ஒரு சத்தம் வரக்கூடாது என்பதற்காக எதையும் விட்டுக்கொடுப்பார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

"விஷயம் பெரிசா ஒண்ணுமில்ல டீச்சர்" என்று ஆரம்பித்தார். ஒன்றுமில்லை என்று ஒருவர் ஆரம்பித்தால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். "அந்த மூணாவது கதை... அந்த ஒரு தாளை மட்டும் கிழிச்சுட்டா போதும். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நானே உக்காந்து கிழிச்சுக் கொடுத்திருதேன்."

"எதுக்குக் கிழிக்கணும்?"

"கடைக்குட்டி லூர்து இருக்காள்லா, மிக்கேல் மக... அவ சத்தம் போட்டு வாசிச்சிருக்கா. கோபமா இருந்த மச்சான் கையில இருந்து கயிறு நழுவிப் போச்சுன்னு. அங்கன கபிரியேலும் உக்காந்து கேட்டிருக்கான். மறுநா விடிகாலையில கடற்கரைக்கு வந்து கயித்தைத் தூக்கி மணல்ல போட்டுட்டான். 'மருமவ வாயில வந்துருச்சு. இனி நான் கயிறு பிடிக்க மாட்டேன்'ங்கான்."

இப்போதுதான் எனக்கு உறைத்தது.

குளிகாரர் வீடுகளில் சீசன் முடிகிறவரை கடைக்குட்டியின் வாய்க்குத் தனி மரியாதை. வள்ளம் ஏறப்போகும்போது, 'அப்பா, எத்தனை சங்கு கொண்டுவருவீங்க?' என்று கேட்கச் சொல்லிப் பிள்ளையைப் பழக்கியிருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் அது 'போகாதீங்க' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வள்ளம் நகராது. பெரியவர்கள் ஆயிரம் சொல்லலாம், காற்றோடு போகும். கடைக்குட்டி சொன்னால் நிற்கும். அப்படிப்பட்ட வாயில்தான் நான் கயிறு நழுவியதை வைத்திருக்கிறேன். அதுவும் என் பெருமைக்குரிய அந்த ஒரு வரியால்!

இன்னொன்றும் சொன்னார் உபதேசியார். கிறிஸ்மஸ் நாடகத்தில் சம்மனசு வேஷம், அதுதான் தேவதூதர் வேஷம், யார் பிள்ளைக்கு என்று மிக்கேலுக்கும் கபிரியேலுக்கும் நிஜமாகவே சண்டை நடந்திருக்கிறது. அப்புறம் சமாதானமும் ஆகியிருக்கிறது. எனக்கு அது தெரியாது. ஆனால் தெருவில் பேச்சு வேறு மாதிரி. 'டீச்சரம்மா உங்க சங்கதியத்தாம்லே அச்சுப் போட்டிருக்கா' என்று கபிரியேலைக் கேலி செய்திருக்கிறார்கள்.

"வேற யாரையாவது கயிறு பிடிக்கச் சொல்றதுதானே?" என்றேன்.

"மிக்கேல் இறங்க மாட்டேங்கான். சவேரியம்மாளும் விடமாட்டா. சீசன் முடியப்போவுது டீச்சர். அந்த வீட்டுல அடுப்பு எரியணும். ஒரு தாளுதானே? கிழிச்சுக் கடல்ல போட்டுட்டோம்னு சொன்னா கபிரியேல் மனசு ஆறிரும்."

"நீங்க கதையை முழுசா வாசிச்சீங்களா உபதேசியாரே?"

"வாசிச்சேன், வாசிச்சேன்" என்றார். வாசித்தவர்கள் ஒரு தடவைதான் சொல்வார்கள்.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! ஒரு வரியைத் திருத்தச் சொன்னால் திருத்துவேன். தப்பு இருந்தால் காட்டு, ஒத்துக்கொள்கிறேன். கிழி என்றால்? பெரியவர்களுக்கு எழுதுகிற ஒருவரிடம் போய் இப்படிக் கேட்பார்களா? குழந்தைப் புத்தகம்தானே — கிழித்தால் என்ன? அதுதானே நினைப்பு? என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிற பெரிய எழுத்தாளர்கள் இந்த ஊரிலும் உண்டு. அவர்களைக் கேட்கிறேன்: உங்கள் எழுத்துக்குப் பயந்து ஒரு வள்ளமாவது கரையில் நின்றிருக்கிறதா?

ஆனால் கோபத்துக்கு நடுவில் அந்த அடுப்பு கண்ணில் நின்றது. மூன்று நாளாக வள்ளம் போகவில்லை. என் கதை உசத்தி, உன் உலை மட்டம் என்று சொல்ல நான் யார்?

"கிழிக்க மாட்டேன். நாளைக்கு நானே போய்ப் பேசுகிறேன். அதுவரைக்கும் ஒரு தாளில் கை வைத்தீர்கள்..." என்று நிறுத்தினேன். மீதியை அவரே முடித்துக்கொண்டு எழுந்து போனார்.

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "கிழிச்சுத் தொலைச்சா என்ன?" என்றார்.  அன்று இரவு மீன் குழம்பில் நான் உப்புப் போடவில்லை. உப்பள ஆபீஸில் வேலை பார்க்கிறவருக்கு அந்தத் தண்டனை போதும்.

மறுநாள் காலை சவேரியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் குசினியில் இருந்தாள். அடுப்பில் பனங்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அரிசியைக் காணோம். மிக்கேல் பின்பக்கம் வலையில்லாத மீன்காரர் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கிற ஆம்பிளை வீட்டில் எவ்வளவு இடத்தை அடைப்பார் என்பது பெண்களுக்குத்தான் தெரியும்.

"உக்காருங்க" என்று சவேரியம்மாள் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"ஏளா சவேரி, நேராவே கேக்கேன். கடைசியில மச்சான் அவ்வளவு பெரிய காரியம் செய்யறானே, அது உங்களுக்குப் போதாதா? அதுக்கு மேல உன் தம்பிக்கு என்ன மரியாதை வேணும்?"

"என்ன காரியம் செய்தான்? கயித்தை விட்டான். அதுதான் காரியம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? கயித்தை விட்டா அப்புறம் என்ன இருக்கு டீச்சரம்மா? நீங்க கரையில இருந்து எழுதுதீக. நாங்க கரையில இருந்து காத்துக்கிட்டு இருக்கோம். ரெண்டும் ஒண்ணா?"

அவள் கோபத்தில் ஏதோ ஒன்று இடித்தது. கதையைக் கேட்டுவிட்டுக் கோபப்படுகிறவள் இப்படிப் பேசமாட்டாள். லூர்துவைக் கூப்பிட்டேன். கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். முன்பல் விழுந்த வாய். நாலு நாளாக வீட்டில் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"லூர்து, அன்னைக்கு எதுவரைக்கும் வாசிச்சே?"

அம்மாவைப் பார்த்தாள். சொல்லலாமா என்று.

"அந்த வரியச் சொல்லாத. எந்த இடத்துல நிறுத்துனே, அதை மட்டும் சொல்லு."

"பக்கம் முடிஞ்சிச்சு டீச்சர். திருப்பப் போனேன்... வெளக்குல எண்ணெய் தீந்து அணைஞ்சு போச்சு. அம்மா போய்ப் படுன்னுட்டா."

"அப்ப மறுபக்கம்?"

"வாசிக்கல்ல."

"நீயாவது அப்புறம் எடுத்துப் பாத்தியா?"

"காலையிலயே அம்மா சுளவுல போட்டுக் கவுத்தி வச்சிட்டா. தொட்டா அடிப்பேன்னா."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தது லூர்து ஒருத்திக்குத்தான். அவள் பாதியில் நிறுத்தினால் வீடே பாதியில் நிற்கும். ரேஷன் மண்ணெண்ணெய் எத்தனை பக்கத்துக்கு வரும்? பக்கத்தின் கடைசி வரி — 'கோபமாக நின்ற மைத்துனன் கையிலிருந்து கயிறு நழுவியது.' அதோடு இருட்டு. பிறகு படுக்கை. விடிந்ததும் கடல்.

இன்னும் ஒரு அழகைக் கேளுங்கள். அந்த வரியில் பக்கம் முடியவேண்டும் என்று பிரஸ்காரரிடம் மல்லுக்கட்டி வாங்கியவள் நான்தான். பிள்ளைகள் 'ஐயோ, அப்புறம்?' என்று பறந்துகொண்டு தாளைத் திருப்பவேண்டுமாம். என் கெட்டிக்காரத்தனம்! விளக்கில் எண்ணெய் இருக்குமா என்று யோசிக்காத கெட்டிக்காரத்தனம்.

உபதேசியார் கிழிக்கச் சொன்ன தாளின் மறுபக்கத்தில்தான் மீதி இருக்கிறது. அவர் ஆசைப்படி கிழித்திருந்தால்? அந்தக் குளிகாரர் கடலுக்கு அடியிலேயே கிடந்திருப்பார் — லூர்து வாயிலும், சவேரியம்மாள் மனசிலும், காலத்துக்கும்.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். சவேரியம்மாள் அடுப்பங்கரைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"வெளிய கொண்டு போங்க!"

"மாட்டேன். நான் வாசிக்கேன், நீ கேளு. கேட்ட பிறகும் வேண்டாம்னா நானே இந்த அடுப்புல போடுதேன்."

அவள் பதில் சொல்லும் முன்னே மறுபக்கத்தை வாசித்துவிட்டேன். கயிறு நழுவிய அந்த நொடியிலேயே மைத்துனன் தலைப்பாகையை எறிந்துவிட்டுக் கடலில் குதிக்கிறான். கோபம் வள்ளத்திலேயே நின்றுவிடுகிறது. அடியில் தவித்தவரை இடுப்போடு அணைத்து மேலே கொண்டுவருகிறான். இருவரும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்கள். முதலில் பேசியது யார் என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை. இவ்வளவுதான் கதை.

பின்பக்கத்தில் சும்மா இருந்த மிக்கேல் கதவு நிலையில் வந்து நின்றிருந்தார்.  சவேரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைக்கவில்லை. பனங்கிழங்குப் பானையை இறக்கி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க வாசிச்சு ஆகாது."

"ஏன்?"

"நீங்க சொன்னா கதை. அவ வாயால இறங்குன ஆளு அவ வாயாலதான் ஏறணும். கபிரியேலும் கேக்கணும். அவன் காதுலதான் அது கிடக்கு."

"அப்ப கூப்பிடு அவனை."

"வரமாட்டான். நாலு நாளா இந்தப் பக்கம் தலை வைக்கல்ல."

"அவன் வராட்டா நாம போவோம். எந்திரி."

தெருவில் நடந்தோம். முன்னால் நான். பின்னால் லூர்துவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சவேரியம்மாள். அதற்கும் பின்னால், தனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி மிக்கேல். வெயில் ஏறிவிட்டது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த வீடுகளிலிருந்தெல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. பார்க்கட்டும்! நான் புத்தகத்தை மறைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டேதான் நடந்தேன்.

கபிரியேல் கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் நிழலில் இருந்தான். கூட நாலைந்து ஆட்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தான். மரியாதைக்கு இல்லை, போய்விடுவதற்கு.

"ஏலே கபிரியேலு, நில்லுலே!"

நின்றான். முகத்தைத் திருப்பவில்லை. "என்னைக் கொலைகாரன்னு அச்சடிச்சாச்சு. இன்னும் என்ன டீச்சரம்மா பாக்கி?"

"பாக்கிதான் இருக்கு. பாதிக் கதையைக் கேட்டுட்டுக் கோவிச்சுக்கிட்டு ஓடுற ஆளை நான் இப்பத்தான் பாக்கேன். மீதியக் கேளு."

"எனக்கு வேண்டாம்."

சவேரியம்மாள் முன்னால் வந்தாள். "ஏலே, நான் உனக்கு மூத்தவ. என் வீட்டுல உலை வைக்கல்ல. இந்தப் பிள்ளை சொல்றதை நின்னு கேட்டுட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் போ."

அவன் மணலில் உட்கார்ந்தான்.

லூர்துவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தாள். வாசகர்களே, இந்த இடத்தில் என் கெட்டிக்காரத்தனம் செல்லாது என்று சொல்லிவிடுகிறேன். புத்தகம் எழுதுவது என் வேலை. தன் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்வது அந்தத் தாயின் வேலை. மறுத்துவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கலாம். அதை வைத்து எந்த வள்ளத்தைத் தள்ள?

சவேரியம்மாள் குனிந்து பிள்ளையின் நெற்றியில் குருசு வரைந்தாள்.

"வாசிளா. நிறுத்தாம வாசி."

லூர்து ஆரம்பித்தாள். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். "க...ண் இமை...க்கும் முன்..." காற்று தாளைத் திருப்பிப் பழைய பக்கத்துக்குக் கொண்டுபோனது. சுற்றி நின்றவர்கள் மூச்சை இழுத்தார்கள். நான் விரலால் தாளை அழுத்திப் பிடித்தேன்.

"...மைத்...துனன் தலைப்பா...கையை எறி...ந்து விட்டுக் கட...லில் கு...தித்...தான்."

"யாரு குதிச்சா?" என்றான் கபிரியேல்.

"மச்சான், மாமா. கயிறு பிடிச்ச மச்சான்."

"அவனா?"

"ஆமா."

"திரும்ப வாசி."

திரும்ப வாசித்தாள். இந்தத் தடவை வேகமாக, தடங்கல் இல்லாமல். கடைசிவரை போனாள். ஆள் மேலே வந்தார். வள்ளத்தைப் பிடித்தார். மூச்சு வாங்கினார். லூர்துவும் மூச்சு வாங்கினாள்.

 பிறகு கபிரியேல் என்னைப் பார்த்தான். "டீச்சரம்மா, ஒண்ணு கேக்கேன். கல்லு இல்லாம எப்படி அவன் அடிவரைக்கும் போனான்? குதிச்சா மிதப்பாம்லா?"

"கதைலே!" என்றேன்.

"கதைன்னாலும் ஒரு கல்லைக் கொடுத்திருக்கலாம்லா அவனுக்கு. காலுல மாட்டிக்கிட்டுக் குதிச்சான்னு போட்டா என்ன?"

இவ்வளவு நேரம் வாய் திறக்காத மிக்கேல் அப்போதுதான் பேசினார். "மச்சான், நீ கல்லோட குதிச்சா உன்னைத் தூக்க யாரு இருக்கா? அது கிடக்கட்டும். நீ குதிப்பியா?"

"நீ சம்மனசு வேஷத்தைப் பிடுங்குன அன்னைக்குன்னா குதிச்சிருக்க மாட்டேன்."

"இப்ப?"

"இப்ப... ஈரமாவுமேன்னு ஒரு நிமிசம் யோசிப்பேன்."

"யோசிக்கதுக்குள்ள நான் செத்துருவேம்லே!"

சவேரியம்மாள் பளீரென்று தம்பி முதுகில் ஒன்று வைத்தாள். "செத்த பேச்சு எதுக்கு? இப்பத்தானே ஒருத்தன் மேல வந்திருக்கான்!" நின்றவர்கள் சிரித்தார்கள். அழுகை வருகிறபோது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. கபிரியேல் எழுந்து போய் மணலில் கிடந்த கயிற்றை எடுத்து உதறினான். முழ முழமாக இழுத்து, எங்காவது நைந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தான். நாளைக்குப் போகிறேன் என்று அவன் சொல்லவில்லை. கயிறு பார்க்கிறவன் அதைச் சொல்லவேண்டியதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது, சவேரியம்மாள் என் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் செய்ததைச் சொல்கிறேன். புத்தகத்தை வாங்கி என் கையிலேயே திணித்தாள்.

"சீசன் முடியட்டும் டீச்சரம்மா. பாஸ்குவுக்கு அப்புறம் பிள்ளையை அனுப்புதேன், கொடுத்துவிடுங்க. இப்ப உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"இன்னும் பயமா?"

"பயம் இல்லாட்டா நான் எதுக்குத் தினமும் கரையில வந்து நிக்கேன்?"

  விசுவாசம் இருந்தால் பயம் போய்விடும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் விடிகாலையில் புருஷனைக் கடலுக்கு அடியில் அனுப்பியதில்லை. பயந்துகொண்டே பிள்ளை நெற்றியில் குருசு போட்டு வாசிக்கச் சொன்னாளே, அதைவிடப் பெரிய விசுவாசத்தை நான் கண்டதில்லை.

மறுநாள் வள்ளம் போனது. மத்தியானம் கடல்காற்றோடு எல்லா வள்ளங்களும் திரும்பின. மிக்கேல் சங்கும் கொண்டுவந்தார், பசியும் கொண்டுவந்தார்.

உபதேசியார் அன்றே வந்தார். "கிழிக்க வேண்டாம்னு நான் அப்பவே நினைச்சேன்" என்றார். நான் புத்தகத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். மறுபக்கத்தையும் சேர்த்துச் சத்தமாக வாசிக்க வைத்தேன். பாதியில் எழுந்திருக்கப் பார்த்தார். விடவில்லை.

இப்போது எனக்கு ஒரு வேலை இருக்கிறது. மூன்றாம் வாரக் கதை இன்னும் எத்தனை வீடுகளில் அந்த வரியில் நின்றுபோய்க் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்? இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்கப்போகிறேன். புத்தகம் வாங்கிய ஒவ்வொரு தாயையும் பிடித்து நிறுத்திக் கேட்கப்போகிறேன். பங்குச்சாமியார் முறைப்பார். முறைக்கட்டும். அடுத்த தடவை பேப்பர் கிடைத்தால் — கிடைக்கும், கிடைக்காமல் விடமாட்டேன் — கயிறு நழுவுவதும் அவன் குதிப்பதும் ஒரே பக்கத்தில் இருக்கும். 'கடைக்குட்டி வாசிக்கட்டும்' என்ற வரியும் இருக்கும். அதை மட்டும் யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. எண்ணெய் இல்லையா, கதையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளைக் கடலில் இறக்கிவிட்டுப் பிள்ளையைப் போய்ப் படு என்று சொல்லாதீர்கள் — தூக்கிவிட்டுத் தூங்குங்கள்!